சுவரைத் தின்னும் நத்தை

கரண்ட் போய், இன்வெர்ட்டரும் தீர்ந்துபோன ஓர் ஐப்பசி இரவில்தான் முதன்முதலாக அந்தச் சத்தத்தைக் கேட்டேன். பின்பக்க மதிலை யாரோ நகத்தால் சுரண்டுவது போல. நிற்கும், மறுபடி தொடங்கும். எலி என்றுதான் நினைத்தேன். செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தால் மதிலில் ஏழு நத்தைகள். ஒவ்வொன்றும் என் உள்ளங்கை நீளம். வெள்ளையடித்த சுவரில் வாயை வைத்து, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தன.

ஒன்றின் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். உதடு விரிகிறது. உள்ளேயிருந்து நாக்கு மாதிரி ஒன்று வந்து சுவரை வழித்துக்கொண்டு உள்ளே போகிறது. போகும்போது அந்தக் ‘கர்’. தேங்காய்த் துருவியை ரிப்பன் போல மெல்லிசாக்கி நாக்கில் ஒட்டிவைத்தால் எப்படி இருக்குமோ, அதுதான் நத்தையின் நாக்கு. அதில் ஆயிரக்கணக்கில் நுண்ணிய பற்கள். வழித்த இடத்தில் சுண்ணாம்பு போய்ச் சாம்பல் நிறப் பூச்சு தெரிந்தது. காலையில் பார்த்தால் மதில் முழுக்க வளைந்து வளைந்து போன கோடுகள், ஈரத்துணியால் கோலத்தை அழித்த மாதிரி.

“சுவரையா திங்குது? என் கீரையைத் தின்னது பத்தாதா?” என்றாள் அம்மா.

பக்கத்து மனையில் ஃபிளாட் கட்டுகிற மேஸ்திரிதான் விளக்கம் சொன்னார். “அதுக்கு ஓடு கட்டணும்ல சார். நமக்கு செங்கல்லு மாதிரி அதுக்கு சுண்ணாம்பு. நம்ம சிமெண்ட் மூட்டைப் பக்கம் வந்து பாருங்க, கொத்தா உக்காந்திருக்கும்.” எந்த விலங்கியல் புத்தகமும் இதைவிடத் தெளிவாகச் சொல்லாது. முட்டையிலிருந்து வெளியே வரும்போதே நத்தைக்கு ஓடு உண்டு. உடம்பு வளர வளர, ஓட்டின் விளிம்பில் சுண்ணாம்பைச் சேர்த்துச் சேர்த்து அதையும் வளர்த்தாக வேண்டும். மண்ணில் கிடைத்தால் மண், எலும்பு கிடைத்தால் எலும்பு, செத்த நத்தையின் ஓடு கிடைத்தால் அதுவும். எதுவும் கிடைக்காவிட்டால் மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டு மதில்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த ஊரில் சுண்ணாம்பு என்பதே ஒரு காலத்தில் ஓடுதான். பழவேற்காட்டுப் பக்கம் கிளிஞ்சல் அள்ளி, சூளையில் சுட்டு, நீற்றி, அரைத்துப் பூசினார்கள். மெட்ராஸ் வீடுகளின் சுவர் பளிங்கு மாதிரி மின்னுகிறது என்று வெள்ளைக்காரப் பயணிகள் எழுதிவைத்தது அந்தக் கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பார்த்துத்தான். சிப்பியின் ஓடு சுவரானது. சுவரை இந்த நில நத்தை மறுபடி ஓடாக்குகிறது. எங்கள் மதிலில் இருப்பது கடையில் வாங்கிய பாக்கெட் சுண்ணாம்பு என்பது வேறு விஷயம்.

வந்திருப்பது ஆப்பிரிக்கப் பெருநத்தை. கூம்பு போல நீண்ட ஓடு, பழுப்பு நிறம், மேலிருந்து கீழாகக் கருஞ்சிவப்புப் பட்டைகள். முழுதாக வளர்ந்தால் 20 சென்டிமீட்டர் வரைகூடப் போகும். எங்கள் வீட்டில் அவ்வளவு பெரிதை நான் பார்த்ததில்லை. நம்மூர்த் தோட்டத்து நத்தை வேறு. அது தட்டையாக, சின்ன உருண்டையாக, வெளிர் நிறத்தில் மாலையில் வேலியில் ஒட்டிக்கொண்டிருக்கும். அம்மாவின் சின்ன வயதில் தஞ்சாவூர்ப் பக்கம் வயலில் பொறுக்கி, மூலத்துக்கு நல்லது என்று ஆக்கித் தின்றது மூன்றாவது வகை, வயல் நத்தை. “இதையும் ஆக்கலாமா?” என்று அம்மா ஒருநாள் கேட்டாள். வேண்டவே வேண்டாம் என்றேன். எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழுவின் குஞ்சுகளை இந்த நத்தை சுமக்கும். பச்சையாகவோ அரைவேக்காடாகவோ உள்ளே போனால் அந்தப் புழு மூளை வரை போய்ச் சேரும். வெறும் கையால் தொடாதே, தொட்டால் சோப்புப் போட்டுக் கழுவு என்று சொல்வதும் அதனால்தான். அம்மா கையுறை போடமாட்டாள். பால் பாக்கெட் கவரைக் கையில் மாட்டிக்கொள்வாள்.

எப்படி வந்தது என்பது எனக்குத் தெரியும், சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான்தான் கொண்டுவந்தேன். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நர்சரியில் இரண்டு பப்பாளிக் கன்று வாங்கினேன். ஒன்று வாடிப்போனது. கறுப்பு பிளாஸ்டிக் பையைக் கிழித்து மண்ணை உதிர்த்தபோது, வேருக்குக் கீழே மஞ்சள் கலந்த வெள்ளையில், வேகாத ஜவ்வரிசி மாதிரி ஒரு கைப்பிடி உருண்டைகள். உரம் என்று நினைத்தேன். இந்தக் காலத்தில் எல்லாமே உருண்டையாகத்தானே வருகிறது. திரும்பவும் மண்ணைப் போட்டு மூடி, தண்ணீரும் ஊற்றினேன்.

அந்த நத்தைக்கு ஆண் பெண் பேதம் கிடையாது. ஒவ்வொன்றும் இரண்டும்தான். ஒருமுறை சேர்ந்துவிட்டால் விந்தைச் சேமித்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் முட்டையிட முடியும். ஒரு ஈட்டுக்கு 100, 200 முட்டை சாதாரணம். வருஷத்துக்குப் பல ஈடு. 1966-ல் ஒரு சிறுவன் ஹவாயிலிருந்து மூன்று நத்தைகளை அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குக் கொண்டுபோக, அவன் பாட்டி அவற்றைத் தோட்டத்தில் விட்டுவிட்டார். ஏழே வருஷத்தில் 18,000 நத்தைகளுக்கு மேல் பிடித்தார்கள். ஒழித்து முடிக்கப் பத்து வருஷமும் 10 லட்சம் டாலரும் ஆனது. 2011-ல் அதே மாநிலத்துக்கு அது மறுபடி வந்து சேர்ந்தது. நான் விட்டது எத்தனை என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

இந்தியாவுக்கு வந்த கதையும் இதே ரகம்தான். கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரையிலிருந்து மடகாஸ்கர், அங்கிருந்து மொரீஷியஸ். மொரீஷியஸிலிருந்து 1847-ல் பென்சன் என்ற ஆங்கிலேயர் உயிரோடு சில நத்தைகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். கும்பினி உத்தியோகஸ்தர், நத்தை ஓடுகளில் பெரிய பண்டிதர். சௌரங்கியில் ஒரு தோட்டத்தில் அவை விடப்பட்டன. அவ்வளவுதான். விஷயம் தெரியாத ஆள் இல்லை, இந்தியாவிலேயே நத்தையைப் பற்றி அதிகம் தெரிந்த ஆள் செய்த காரியம் இது. இலங்கைக்கு 1900-ல் போனது. கேரளத்தில் பாலக்காடு பக்கம் 1970-களில் தலைகாட்டி, இப்போது பல மாவட்டங்களில் மழைக்காலத்துப் பிரச்சினையாகவே ஆகிவிட்டது.

முதல் வருஷம் நாங்கள் செய்தது எல்லோரும் செய்வதைத்தான். கல்லுப்பு. ஒரு பிடி உப்பைப் போட்டால் நத்தை நுரை தள்ளும். உடம்பிலிருக்கிற தண்ணீரையெல்லாம் உப்பு இழுத்துக்கொள்ளும். பச்சையும் மஞ்சளுமாகக் குமிழி வரும், ஓட்டுக்குள் சுருங்கப் பார்க்கும், முடியாது. சாக நேரம் எடுக்கும். மூன்றாவது நாள் அம்மா உப்பு டப்பாவைக் கீழே வைத்துவிட்டாள். “எனக்கு வேண்டாம்டா இந்தப் பாவம்.” பாவம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தப் பாத்தியில் அதற்குப் பிறகு அரைக்கீரை முளைக்கவே இல்லை. மண் உப்பாகிவிட்டது. நத்தை அடுத்த பாத்திக்குப் போய்விட்டது.

இந்த நத்தையைப் பற்றித் தேடித் தேடிப் படித்ததில்தான் கிறிஸ்துமஸ் தீவுக்குப் போய்ச் சேர்ந்தேன். தமிழர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் ஈழத்து அகதிப் படகுகளும் ஆஸ்திரேலியாவின் தடுப்பு முகாமும்தான் நினைவுக்கு வரும். எனக்கும் அப்படித்தான். இப்போது நண்டும் சேர்ந்து வருகிறது.

ஜாவாவுக்குத் தெற்கே சுமார் 350 கிலோமீட்டரில் இந்தியப் பெருங்கடலில் இருக்கும் தீவு. 135 சதுர கிலோமீட்டர், அதாவது பழைய சென்னை மாநகராட்சி எல்லையைவிடச் சிறியது. அடியில் எரிமலை, மேலே பவளப் பாறையால் ஆன சுண்ணாம்புக்கல் தொப்பி. கடலிலிருந்து படிப்படியாக ஏறும் சுண்ணாம்புப் பாறைகளுக்கு மேல் அடர்ந்த மழைக்காடு. தீவின் பெரும்பகுதி தேசியப் பூங்கா. சுண்ணாம்புக்குப் பஞ்சமில்லை, நிழல், ஈரம், இலை. எங்கள் வீட்டு மதிலை நக்கிக் கஷ்டப்படும் ஒரு நத்தைக்குச் சொர்க்கத்தைக் காட்டு என்றால் அந்தக் காட்டைத்தான் காட்ட வேண்டும்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் அந்தத் தீவைப் பிடித்து வைத்திருந்த காலத்தையொட்டி நத்தை அங்கே போய்ச் சேர்ந்தது. பசிபிக் தீவுகள் பலவற்றுக்கும் அந்தக் காலத்தில் சாப்பாட்டுக்கென்று அதைக் கொண்டுபோயிருக்கிறார்கள். தீவில் இறங்கியது, பெருகியது. எங்கே? ஊருக்குள், சாலை ஓரத்தில், பாஸ்பேட் தோண்டி விட்ட பொட்டலில். காட்டு விளிம்பு வரை வந்தது. உள்ளே போகவில்லை. ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை, ஏறக்குறைய ஐம்பது வருஷம் அந்தச் சொர்க்கத்தின் வாசலிலேயே உட்கார்ந்திருந்தது.

வாசலில் காவல் இருந்தது. சிவப்பு நண்டு. அந்தத் தீவின் நில நண்டு, கோடிக்கணக்கில். மழை தொடங்கியதும் காட்டிலிருந்து கடலுக்கு முட்டையிட மொத்தமாக இறங்கும். சாலையே சிவப்பாகிவிடும், வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். வீடியோவில் பலரும் பார்த்திருப்பீர்கள். மற்ற நாட்களில் அது காட்டுத் தரையைப் பெருக்குகிற வேலையில் இருக்கும். விழுந்த இலை, முளைத்த கன்று, பழம் எல்லாம் தின்னும். அந்தக் காட்டுத் தரை சாணி போட்டு மெழுகிய வாசல் மாதிரி துப்புரவாக இருக்குமாம். நத்தை வந்தால் கொடுக்கால் ஓட்டை உடைத்துத் தின்றுவிடும். 1991-ல் லேக், ஓ’டவுட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதை எழுதினார்கள். நத்தையைக் காட்டுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தது மருந்தோ வேலியோ இல்லை, இந்த நண்டுகள்தான்.

பிறகு எறும்பு வந்தது. வந்தது என்பதுகூடச் சரியில்லை. அது நத்தைக்கு முன்பே கப்பலில் வந்து, பல பத்தாண்டுகள் சும்மா கிடந்தது. மஞ்சள் நிறம், நீண்ட கால்கள், தொட்டால் தலைகால் தெரியாமல் ஓடும். அதனால் ஆங்கிலத்தில் அதன் பெயரிலேயே கிறுக்கைச் சேர்த்திருக்கிறார்கள். நம் ஆட்களுக்கும் அது புதிதில்லை. 2022-ல் திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலை அடிவாரத்து ஊர்களில் ஆடு மாடுகளின் கண்ணைத் தாக்குகிறது என்று செய்தி வந்ததே, அதே எறும்புதான். இது கடிப்பதோ கொட்டுவதோ இல்லை, அமிலத்தைப் பீய்ச்சும். தீவில் அது மரங்களில் ஒட்டிச் சாறு உறிஞ்சும் செதில் பூச்சிகளோடு கூட்டு வைத்துக்கொண்டது. பூச்சி கழிக்கும் தேன்போன்ற சாறு எறும்புக்குச் சாப்பாடு, பதிலுக்கு எறும்பு பூச்சிக்குக் காவல். சாப்பாடு கொட்டக் கொட்ட, கூடு கூடோடு சேர்ந்து, ஏக்கர் ஏக்கராக ஒரே எறும்புக் குடியிருப்பாகக் காடு மாறியது. 1989 முதல் அவை கண்ணில் படத் தொடங்கின. அதற்குள் கால் வைத்த நண்டுகள் குருடாகிச் செத்தன. கடலுக்கு இறங்கும் வழியில் அந்தக் குடியிருப்பைக் கடக்க நேர்ந்த வெளியூர் நண்டுகளும் செத்தன. மொத்தம் கோடிக்கணக்கில்.

நண்டு போன இடத்துக்கு நத்தை உள்ளே வந்தது. எறும்பு அதை ஒன்றும் செய்யவில்லை. 2011-ல் வந்த ஆய்வில் ஓர் எண் இருக்கிறது: எறும்புக் குடியிருப்பு ஆன காட்டில் நத்தை நுழையும் வாய்ப்பு 253 மடங்கு அதிகம். நான் அந்த எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி மேசைக்கு மேல் ஒட்டிவைத்திருக்கிறேன். ஏன் என்று அம்மா கேட்டபோது சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை.

தொல்காப்பியத்தின் மரபியலைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தவர்களுக்கு இந்நேரம் ஒன்று பொறி தட்டியிருக்கும். புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு. நத்தைக்கு இரண்டு, அங்கே அதன் பெயர் நந்து. எறும்புக்கு மூன்று. நண்டுக்கு நான்கு. விலங்குக்கு ஐந்து, மனிதனுக்கு ஆறு. அந்தத் தீவுக் கதையின் பாத்திரங்கள் அத்தனை பேரும் வரிசையாக நிற்கிறார்கள். நாலறிவு ரெண்டறிவைத் தடுத்து வைத்திருந்தது. மூவறிவு நாலறிவைக் கொன்றது. ரெண்டறிவு உள்ளே போனது. ஓரறிவுக்கு ஆபத்து. இவர்களில் இரண்டு பேரைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து விட்டது ஆறறிவு. தொல்காப்பியரிடம் எனக்கு ஒரே ஒரு குறை: நந்துக்குத் தொடு உணர்வும் நாக்கும் மட்டும்தான் என்கிறார். மோப்பம் அதற்கு அபாரமாக உண்டு. நறுக்கிய பப்பாளி இலையை ஒரு மூலையில் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்து பாருங்கள்.

தீவில் என்ன செய்தார்கள் என்பதும் எனக்குப் பிடித்திருந்தது. ஹெலிகாப்டரிலிருந்து எறும்பு மருந்து தூவிப் பார்த்தார்கள். கொஞ்ச நாள் கேட்கும், திரும்பி வரும். 2016 டிசம்பரில் மலேசியாவிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது எறும்பைத் தொடாது, நத்தையைத் தொடாது. செதில் பூச்சியைத்தான் அழிக்கும். பூச்சி போனால் தேன்சாறு போகும், சாறு போனால் எறும்புக் கூட்டம் இளைக்கும், எறும்பு இளைத்தால் நண்டு திரும்பும். நத்தையைப் பற்றி யாரும் நேரடியாகக் கவலைப்பட்ட மாதிரியே தெரியவில்லை. (இன்னொரு வெளியூர் ஆளையா என்று எனக்கும் முதலில் பயம்தான். ஹவாயில் 1955-ல் இதே பெருநத்தையை ஒழிக்க நத்தை தின்னும் நத்தை ஒன்றை விட்டார்கள். அது பெருநத்தையை விட்டுவிட்டு உள்ளூர்ச் சின்ன நத்தைகளைத் தின்று தீர்த்தது. இந்தக் குளவியைப் பல வருஷம் சோதித்துவிட்டுத்தான் விட்டிருக்கிறார்கள்.)

படித்துவிட்டு எங்கள் தோட்டத்தைப் பார்த்தபோது ஞாபகம் வந்தது செம்போத்து.

பக்கத்து மனை 2019 வரை காலிமனை. கருவேலமும் கொடியும் மண்டிக் கிடக்கும். பாம்பு வரும் என்று தெருவே திட்டும். அதில் ஒரு ஜோடி செம்போத்து இருந்தது. காக்கை அளவு, செங்கல் நிறச் சிறகு, சிவந்த கண். பறக்கச் சோம்பல்பட்டுக்கொண்டு வேலி ஓரமாக நடந்தே வரும். காலையில் அடித்தொண்டையில் ‘ஊப் ஊப்’ என்று கூப்பிடும். அம்மா அதைப் பார்த்தால் நல்ல சகுனம் என்று சொல்லிவிட்டு அன்றைக்கு லாட்டரிச் சீட்டு வாங்கமுடியவில்லையே என்று வருத்தப்படுவாள். அது எங்கள் தோட்டத்தில் என்ன தேடி வந்தது என்று அன்றைக்கு நான் யோசித்ததில்லை. துவைக்கிற கல் பக்கம் உடைந்த நத்தை ஓடுகள் கிடக்கும், சின்ன உருண்டை நத்தையின் ஓடுகள். பூனை வேலை என்று நினைத்துப் பெருக்கித் தள்ளிவிடுவோம். தமிழ்நாட்டுச் செம்போத்தின் சாப்பாட்டில் நத்தைக்குப் பெரிய இடம் உண்டு என்று பறவை நூல்களில் இருக்கிறது.

மனையை விற்றார்கள். ஜேசிபி ஒரே நாளில் புதரை வழித்துவிட்டது. பெருச்சாளி மட்டும் மிஞ்சியது. செங்கல், ஜல்லி, உடைந்த பூச்சு, சிமெண்ட் கலவை சிந்தின மண் என்று மலைமலையாகக் குவிந்தது. ஓடு கட்டுகிறவனுக்குச் சாமான் வந்து இறங்கியாயிற்று. எங்கள் பக்கம் தினமும் தண்ணீர் ஊற்றுகிற கீரைப் பாத்தி. கத்திரி வெயிலில் கல் இடுக்கில் புகுந்து வாயை வெள்ளைச் சவ்வால் அடைத்துக்கொண்டு தூங்கி, முதல் மழைக்கு எழுந்தால் போதும். ஒற்றை ஜோடிச் செம்போத்து தோட்டத்தைக் காத்தது என்று சொன்னால் அறிவியல்காரர்கள் சிரிப்பார்கள். அது வளர்ந்த பெருநத்தையிடம் என்ன செய்திருக்கும் என்று நானே என்னைக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் குஞ்சு நத்தையின் ஓடு அப்பளம் மாதிரித்தான் இருக்கும்.

இப்போது எங்கள் வழக்கம் இது. சாயங்காலம் ஒரு கோணிச் சாக்கை நனைத்து, அடியில் முட்டைக்கோஸ் தழையும் பப்பாளி இலையும் வைத்து மதில் ஓரம் போட்டுவிடுவேன். பொழுது விடியும் முன் அம்மா சாக்கைத் தூக்குவாள். கவரைக் கையில் மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து, உப்பைக் கெட்டியாகக் கரைத்த பக்கெட்டில் போடுவாள். மண்ணில் உப்பு படக்கூடாது, அவ்வளவுதான். அப்படியே போட்டால் பாவமில்லையா என்று கேட்டால், “உள்ளே போனதும் தெரியாதுடா, மேலே தூவினாத்தான் துடிக்கும்” என்பாள். வாஸ்தவமா என்று நான் விசாரிக்கவில்லை. செத்ததை எடுத்து, தண்ணீரை வடித்துவிட்டு, ஆழமாகக் குழி தோண்டிப் புதைப்பது என் வேலை. கேரளத்தில் புகையிலைக் கஷாயமும் மயில்துத்தமும் கலந்து தெளிக்கச் சொல்கிறார்கள். கீரை தின்கிற வீட்டில் எனக்கு அதற்கு மனம் வரவில்லை. முட்டையைத் தேடுவதுதான் முக்கியம். எந்தச் செடி வாங்கினாலும் பையைக் கிழித்து, மண்ணை ஒரு தட்டில் உதிர்த்து, அரிசியில் கல் பொறுக்குவது போல பொறுக்கிவிட்டுத்தான் நடுகிறேன். நர்சரிக்காரர் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்.

கார்த்திகையில் ஒரு நாள் அதிகபட்சம் 41. மார்கழிக் கடைசியில் ஒன்றோ இரண்டோ.

“அந்தத் தீவுல நண்டு திரும்பி வந்துச்சா?” என்று அம்மா திடீரென்று கேட்டாள். சமீப வருஷங்களில் வலசை பெரிதாக இருந்ததாகச் செய்தி பார்த்தேன், சாலைக்கு மேலே நண்டு ஏறிப்போகப் பாலம்கூடக் கட்டியிருக்கிறார்கள் என்றேன். “நண்டுக்குப் பாலமா” என்று சிரித்தாள். நம் தெருவில் மழைத்தண்ணீர் போக ஒரு கால்வாய் இல்லையே என்பது அந்தச் சிரிப்பில் இருந்தது.

பொங்கல் வந்தது. மதிலுக்கு இந்தத் தடவை எமல்ஷன் அடித்துவிடலாம், அதை நத்தை தொடாது என்று சொல்லிப் பார்த்தேன். அம்மா கேட்கவில்லை. “பொங்கலுக்குச் சுண்ணாம்புதான் அடிக்கணும். இந்த வீடு கட்டினதுலேர்ந்து அதுதான்.” போகி அன்று காலை பின்பக்கம் போனேன். சுண்ணாம்பைக் கரைத்து, நீலம் போட்டு, தென்னை மட்டையால் கலக்கிக்கொண்டிருந்தாள். வேறு பக்கெட் கிடைக்கவில்லையாம். நத்தை போடுகிற பக்கெட்டைக் கழுவி அதிலேயே கரைத்துவிட்டாள்.